ஸ்லேட் ஃபோர்க் பள்ளியின் மூடுவிழா

ஏழாவது வளைவுக்குச் சற்று முன்னால் ஓப்பல் ஹாட்சர் பள்ளிப் பேருந்தின் பிரேக்கை மெதுவாக அழுத்தி, திரும்பிப் பார்க்காமலே, "ஜூனி, வாளி" என்று குரல் கொடுப்பாள். முதல் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயது ஜூனி கூம்ப்ஸ் காலடியில் இருக்கும் நீல வாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் சாப்பிட்டதை அதில் ஒப்படைப்பாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "நேத்தைவிட இன்னிக்குப் பரவால்ல" என்பாள். பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் காலை ஏழு மணிவாக்கில் இது நடக்கும்.

ஸ்லேட் ஃபோர்க்கிலிருந்து மார்லோ நகரப் பள்ளிக்கு மலைப்பாதையில் எழுபத்தைந்து நிமிடம். திரும்பி வர இன்னொரு எழுபத்தைந்து. இரண்டு வருடம் முன்பு வரை இந்தப் பயணத்துக்கு அவசியமே இருந்ததில்லை, ஸ்லேட் ஃபோர்க்கிலேயே ஒரு பள்ளி இருந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி கட்டுப்படியாகாது என்று மாவட்டக் கல்வி அலுவலகம் அதை இழுத்து மூடியது. கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஓப்பல் தினமும் அதன் வாசலில்தான் பேருந்தை நிறுத்துகிறாள். ஒரு பள்ளியின் வாசலில் பிள்ளைகளை ஏற்றி, எழுபத்தைந்து நிமிடம் தள்ளி இன்னொரு பள்ளியின் வாசலில் இறக்கிவிடுவதுதான் அவள் உத்தியோகம். இதில் ஏதோ இடிக்கிறது என்று புரிந்துகொள்ள அவளுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

அப்படிப்பட்டவளின் கையில்தான் அந்த வண்ணத் துண்டறிக்கை கிடைத்தது. அதில் பல் தெரியச் சிரிக்கும் குழந்தைகளுக்குக் கீழே, 'உங்கள் ஊரில் உங்கள் பள்ளி! மூன்றே எளிய படிகள்!' என்று போட்டிருந்தது. அரசு செலவில் ஊர்க்காரர்களே நடத்திக்கொள்ளும் சார்ட்டர் பள்ளி. மாநில ஆணையம் உரிமம் கொடுத்தால் போதும்.

ஓப்பல் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனாள். அங்கே காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஊரின் மூளை இரண்டும் உட்கார்ந்திருந்தன. ஒன்று மார்லா டீக். மூடிய பள்ளியில் பதினான்கு வருடம் வாத்தியாராக இருந்துவிட்டு, இப்போது மலிவு விலைக் கடையில் கல்லாவில் நிற்பவள். இன்னொன்று வென்டல் ஸ்டாம்பர். நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மூணே படியாம்" என்றாள் ஓப்பல்.

வென்டல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அறிக்கையின் பின்பக்கத்தைப் படித்தார். "முதல் படி, எண்ணத்தைத் தெரிவிக்கணும். ரெண்டாவது, விண்ணப்பம். மூணாவது, ஒப்புதல். பொண்ணே, இதுல ரெண்டாவது படி கொஞ்சம் உசரமா இருக்கும்போலத் தெரியுதே."

"ஏறிப் பாத்துடுவோம்" என்றாள் மார்லா. "நான் என்ன, வாழ்நாள் பூரா சோப்பு டப்பாவுக்கு பில்லு போட்டுக்கிட்டேவா இருக்கப்போறேன்?"

எண்ணப் படிவம் ஒன்பது பக்கம். விண்ணப்பிக்க விரும்புகிறேன் என்பதை ஒன்பது பக்கத்தில் சொல்ல வேண்டும். ஆறு வாரம் கழித்து, 'தங்கள் எண்ணம் பெறப்பட்டது. எண்ணம் பெறப்பட்டதை ஒப்புதலாக எண்ண வேண்டாம்' என்று பதில் வந்தது. கூடவே விண்ணப்பமும் வந்தது. பதினேழு பிரிவுகள். இணைப்புகளோடு சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

பிரிவுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாடம் சம்பந்தப்பட்டதெல்லாம் மார்லாவுக்கு. வண்டி, சாப்பாடு, உடல்நலம், தளவாடம் எல்லாம் ஓப்பலுக்கு. கடைசிப் பிரிவுக்கு யாரும் கை நீட்டவில்லை. 'பதினேழு: பள்ளி மூடப்படும் சூழலில் பின்பற்றப்படும் திட்டம்' என்று அதன் தலைப்பு.

"இன்னும் திறக்கவே இல்ல, அதுக்குள்ள மூடறதுக்குத் திட்டமா?" என்றாள் ஓப்பல். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல சவப்பெட்டி அளவு கேக்கறானுங்க."

"அதை எங்கிட்டக் குடு" என்றார் வென்டல்.

ஸ்லேட் ஃபோர்க்கில் எதை மூடுவதானாலும் வென்டலைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று சுரங்கங்களை மூடியபோது கடைசிக் காகிதம் வரைக்கும் அடுக்கி வைத்தவர் அவர். தேவாலயத்தை மூடியபோதும் அவர்தான். இருந்த ஒரே மருந்துக் கடையை மூடியபோது கடைக்காரர் அவர் தோளில் சாய்ந்து அழுதார். வென்டல் இரண்டு வாரம் உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினார். முதலில் யாருக்குச் சொல்வது, அதையும் கடிதத்தில் சொல்லாமல் வாசற்கதவைத் தட்டி நேரில் எப்படிச் சொல்வது, எந்தப் பிள்ளையை எந்தப் பெரியவர் கைபிடித்துப் புதுப் பள்ளிக்குக் கூட்டிப் போவது, எந்த விளக்கைக் கடைசியாக அணைப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், 'சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிய பிறகே கதவைப் பூட்ட வேண்டும். உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டடத்தைப் பூட்டுவது முறையல்ல' என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்த மார்லா எழுந்து போய்த் தனக்கு இன்னொரு காபி ஊற்றிக்கொண்டாள்.

தளவாடப் பிரிவில் ஓப்பலுக்கு ஒரு தலைவலி வந்தது. விண்ணப்பதாரரின் ஆயத்த நிலைக்குச் சான்றாகக் குறைந்தது நாற்பது உருப்படிகளைக் காட்ட வேண்டும் என்று விதி. மூடிய தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பில் கிடந்த இருபத்து மூன்று குட்டி நாற்காலிகளைக் கொண்டுவந்து, மார்லா ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிள்ளையின் பெயரை வண்ணத்தில் எழுதினாள். ஒரு கரும்பலகை, ஒரு சுவர்க் கடிகாரம், இப்போது இல்லாத நாடுகளெல்லாம் இருக்கும் ஒரு பூகோள உருண்டை என்று ஊர் முழுக்க அலைந்து சேர்த்தும் முப்பத்தொன்பதில் வந்து நின்றது. ஓப்பல் பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். பேருந்தில் இருப்பது அவள் சொந்தக் காசில் வாங்கிய வாளிதானே. 'நாற்பது: வாளி, நீலம், ஒன்று' என்று எழுதி முடித்தாள்.

முதல் நேர்காணல் தலைநகரில், ஆணையத்தின் பன்னிரண்டாவது மாடியில். மேசைக்கு அந்தப் பக்கம் ஆணையத் தலைவர் முனைவர் பிரெஸ்காட் விட்லோ. அவருக்குப் பக்கத்தில் மதிப்பீட்டு அதிகாரி கெண்ட்ரா ஃபேர்பேங்க்ஸ், மடிக்கணினியில் மதிப்பெண் கட்டங்களைத் திறந்து வைத்திருந்தாள்.

"உங்க பள்ளியில என்ன புதுமை?" என்று ஆரம்பித்தார் விட்லோ.

"வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லித்தருவோம் சார்" என்றாள் மார்லா. "மத்தியானம் சூடா சூப்பு."

"வாசிப்பு எல்லா இடத்துலயும்தான் இருக்கு."

"எங்க ஊர்ல இல்லையே சார். பள்ளிக்கூடமே இல்லையே."

விட்லோ பொறுமையாகப் புன்னகைத்தார். "அதுக்குப் பேரு இல்லாமை. நான் கேக்கறது புதுமை. சட்டம் ரெண்டையும் தெளிவாப் பிரிச்சு வெச்சிருக்கு. ஊர்ல பள்ளி இல்லைங்கறதுக்காக நாங்க பள்ளி குடுக்க ஆரம்பிச்சா, அப்புறம் ஆணையத்துக்கு என்ன மரியாதை?"

அடுத்த நேர்காணலுக்கு மார்லா யோசித்துக்கொண்டு போனாள். ஊருக்குக் கீழே ஓடும் ஓடையில் பிள்ளைகளே தினமும் தண்ணீரின் ஆழத்தை அளந்து எழுதுவார்கள். அதிலிருந்தே கணக்கு, அதிலிருந்தே அறிவியல், வெள்ளம் வந்த வருடங்களிலிருந்தே சரித்திரம். விட்லோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அற்புதம்! இது மாநிலத்துலயே யாரும் செய்யாதது."

"ஆமா சார்" என்றாள் மார்லா, முகமெல்லாம் மலர்ந்து.

கெண்ட்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "இது வேற பள்ளிகள்ல குறைஞ்சது அஞ்சு வருஷம் நடந்து பலன் குடுத்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

"யாரும் செய்யாததுன்னு இப்பத்தானே சொன்னாரு?"

"அது ஆறாவது கட்டம். அதுல உங்களுக்கு முழு மார்க். இது ஏழாவது கட்டம்."

"வேற இடத்துல அஞ்சு வருஷம் நடந்திருந்தா ஆறாவதுல என்ன மார்க் வரும்?"

"பூஜ்யம்" என்றாள் கெண்ட்ரா. அவள் கெட்டவள் இல்லை. அந்த ஒரு கணம் அவளுக்கே அது உறைத்ததுபோலத் தெரிந்தது. ஆனால் அதற்குள் கணினி எட்டாவது கட்டத்துக்குப் போய்விட்டது.

எட்டாவது, நிர்வாகக் குழு. ஒருவருக்கொருவர் ரத்த உறவோ திருமண உறவோ இல்லாத ஐந்து பேர் வேண்டும். ஸ்லேட் ஃபோர்க்கில் முந்நூற்றுச் சொச்சம் பேர், ஐந்தே குடும்பப் பெயர்கள்; ஐந்தும் நான்கு தலைமுறையாக ஒன்றுக்குள் ஒன்று. ஓப்பலின் செத்துப்போன கணவன் வென்டலுக்குச் சித்தப்பா மகன். கெண்ட்ரா கேட்ட உறவு வரைபடத்தை வென்டல் ஒரு பெரிய தாளில் வரைந்தார். அது சுரங்க வரைபடம் மாதிரி வந்தது. ஓப்பலைத் தலைவியாக வைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட மூன்று பேரைக் கண்டுபிடித்தார்கள். ஐந்தாவது ஆளாகச் செவ்வாயும் வெள்ளியும் ஊருக்குள் வரும் பார்சல் வண்டி ஓட்டுநரைப் பிடித்துப் போட்டார்கள். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பொட்டலத்துக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஓப்பலின் சொந்த முறை வந்தது.

"இந்தப் பள்ளி வந்தா உங்களுக்கு ஏதாவது ஆதாயம் உண்டா?" என்றாள் கெண்ட்ரா.

"ஆதாயமா? பஸ்ஸு நின்னுடும். என் வேலை போயிடும்."

கெண்ட்ராவின் விரல்கள் நின்றன. "அப்ப எதுக்கு விண்ணப்பிக்கறீங்க?"

"பஸ்ஸு நிக்கணும்னுதாம்மா."

தனக்கு நஷ்டம் வரும் காரியத்துக்கு ஒருத்தர் விண்ணப்பித்தால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஆணையத்தில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் சட்டப் பிரிவில் வைத்திருந்துவிட்டு, 'விளக்கப்படாத நோக்கம்' என்று குறித்தார்கள்.

கட்டடத்துக்கு வருவோம். சாவி மாவட்ட அலுவலகத்தில் இருந்தது. உரிமத்தைக் காட்டினால் சாவி தருகிறோம் என்றது மாவட்டம். சாவியைக் காட்டினால் உரிமம் பற்றி யோசிக்கலாம் என்றது ஆணையம். ஓப்பலுக்குப் பொறுமை போய், நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளுங்கள் என்று இரண்டு இடத்துக்கும் எழுதினாள். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். 'தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் புறப்பட்டு, வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. பதினான்கு மாதம் ஓடிவிட்டது. ஜூனி அடிப்பாகம் வெடித்த பழைய வாளியை மாற்றிப் புது வாளிக்கு வந்திருந்தாள். அதுவும் நீலம்தான், அதுவும் ஓப்பல் வாங்கியதுதான்.

பொதுமக்கள் குரல் கேட்கும் கூட்டத்தை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தார்கள். எங்கே? ஸ்லேட் ஃபோர்க்கிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில், அதே பன்னிரண்டாவது மாடியில். ஓப்பல் விடுப்பு எடுத்துக்கொண்டாள். மூன்று கார்களில் பதினைந்து பேர் கிளம்பினார்கள். ஜூனியும் வந்தாள், வாளியோடு.

மக்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். அதற்கு முன்னால் ஆணைய உறுப்பினர்கள் மக்கள் குரலைக் கேட்பதன் அவசியம் பற்றி இரண்டே கால் மணி நேரம் பேசினார்கள். மார்லா எழுந்து, "பதினாலு வருஷம் நான் பாடம் எடுத்த பிள்ளைங்க..." என்று ஆரம்பித்து, இடையில் நிறுத்தித் தண்ணீர் குடித்து, மறுபடி ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டது. "மிக உருக்கமான கருத்து, பதிவு செய்யப்பட்டது" என்றார் விட்லோ.

கடைசியில் புகைப்படக்காரர் ஏதோ சொல்ல, விட்லோ எழுந்து வந்து ஜூனிக்கு முன்னால் குனிந்தார்.

"சொல்லு குட்டி. நல்ல பள்ளின்னா எப்படி இருக்கணும்?"

ஜூனி யோசிக்கவே இல்லை. "பக்கத்துல இருக்கணும்."

அறையில் யாரோ சிரித்தார்கள். விட்லோ நிமிர்ந்து கெண்ட்ராவைப் பார்த்தார். கெண்ட்ரா பதினேழு பிரிவையும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்துல இருக்கறதுக்குக் கட்டம் இல்ல சார்" என்றாள்.

"பாத்தீங்களா?" என்று விட்லோ கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "குழந்தையோட கருத்தை நாங்க மதிக்கறோம். ஆனா தூரத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இருக்கறதா எந்த ஆய்வும் எங்க மேசைக்கு வரல. நானே பாருங்க, வீட்டுல இருந்து இந்த ஆபீசுக்கு தினமும் ஆறு நிமிஷம் பயணம் பண்றேன். ஒருநாளும் கஷ்டமாத் தெரிஞ்சதில்ல."

முடிவு சொல்லும் நாளில் ஓப்பலும் மார்லாவும் வென்டலும் மட்டும் போனார்கள். கெண்ட்ரா மதிப்பெண்ணை வாசித்தாள். பிரிவு ஒன்று, தரத்தை நெருங்குகிறது. பிரிவு இரண்டு, தரத்தை நெருங்குகிறது. பதினாறு பிரிவும் தரத்தை நெருங்கிக்கொண்டே போய், எதுவும் போய்ச் சேரவில்லை. ஓப்பல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழப்போனாள்.

"பிரிவு பதினேழு" என்றாள் கெண்ட்ரா. அவள் குரல் மாறியிருந்தது. "தரத்தை விஞ்சுகிறது."

விட்லோ எழுந்து நின்றார். "பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பள்ளி திறக்கறேன், திறக்கறேன்னு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. மூடற திட்டம் எழுதச் சொன்னா அத்தனை பேரும் அரைப் பக்கம் கிறுக்கிட்டு வருவாங்க, அக்கறையே இருக்காது. நேத்து இந்த முப்பத்தெட்டுப் பக்கத்தை என் மனைவிக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்தக் கடிகாரம் வர்ற இடத்துல என்னால முடியல." அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். "இதை எழுதினது யாரு?"

வென்டல் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். ஆணையம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

"தரம் எங்க இருந்தாலும் அதை அங்கீகரிக்கறது எங்க கடமை" என்று முடித்தார் விட்லோ. "பதினாறு பிரிவை நிராகரிக்கிறோம். பதினேழாவது பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கிறோம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படின்னா?" என்றாள் ஓப்பல்.

"ஒப்புதல் பெற்ற எந்தப் பிரிவையும் தொண்ணூறு நாளுக்குள்ள செயல்படுத்தணும்" என்று கெண்ட்ரா விதியைப் படித்தாள். "பள்ளியை மூடணும்."

"எந்தப் பள்ளியம்மா?"

"உங்க பள்ளியை."

"அதுதான் திறக்கவே இல்லையே! திறக்காத பள்ளிய எப்படி மூடறது?"

விட்லோ அவள் தோளில் கை வைத்தார். "அதுல ஒரு பெரிய நன்மை இருக்கு மேடம். மாணவர்களுக்குப் பாதிப்பே இருக்காது."

திரும்பும்போது வென்டல்தான் வண்டியை ஓட்டினார். பாதி வழியில் ஓப்பல் பொறுக்க முடியாமல் வெடித்தாள்.

"ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? ஊரே அரைப் பக்கம் எழுதுதாம். நீ மட்டும் எதுக்கு உயிரக் குடுத்து அவ்ளோ நல்லா எழுதித் தொலைச்ச?"

"மூடறதத்தான் பொண்ணே எனக்கு முப்பத்தோரு வருஷமாக் கத்துக்குடுத்திருக்கானுங்க" என்றார் வென்டல், சாலையைப் பார்த்தபடி. "எதையாவது திறக்கச் சொல்லி யாராவது எங்கிட்ட வந்திருந்தா, அதையும் நல்லாத்தான் எழுதியிருப்பேன்."



திட்டப்படி வென்டல் இருபத்து மூன்று வீட்டுக் கதவையும் தட்டினார். "பள்ளிய மூடறோம்" என்றார். "எப்ப திறந்தீங்க?" என்று கேட்டார்கள். "திறக்கல." "அப்புறம்?" "மூடறோம்." சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள், சில வீடுகளில் உட்காரவைத்து ஆப்பிள் பை கொடுத்தார்கள். ஜூனியின் அம்மா மட்டும், "அப்ப ஏழாவது வளைவு?" என்று கேட்டாள். அதற்கு முப்பத்தெட்டுப் பக்கத்தில் பதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை கெண்ட்ரா சரிபார்ப்புப் பட்டியலோடு வந்து இறங்கினாள். அவள் கையில் பள்ளிக் கட்டடத்தின் சாவி இருந்தது.

ஓப்பல் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்படிக் கிடைச்சுது உனக்கு?"

"மூடும் பணிக்கு மாவட்டம் ஒத்துழைக்கணும்னு விதி இருக்கு. நேத்து கேட்டேன், நேத்தே குடுத்துட்டாங்க."

மூடுவதற்கு முன் பள்ளி எப்படி இருந்தது என்பதற்குப் படம் வேண்டும் என்றாள் கெண்ட்ரா. உருப்படிகள் நாற்பதும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், உத்தேச மாணவர்கள் அவரவர் இருக்கையில் இருக்க வேண்டும். ஆகவே கதவைத் திறந்தார்கள். தூசி தட்டினார்கள். கரும்பலகையை மாட்டினார்கள். வென்டல் கடிகாரத்துக்கு பேட்டரி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தார். எட்டரை. இருபத்து மூன்று பிள்ளைகளும் வீட்டிலிருந்து நடந்தே வந்து, தங்கள் பெயர் எழுதிய நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்கள்.

கெண்ட்ரா படம் எடுத்து முடித்தாள். முடித்தது மார்லாவுக்குத் தெரியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்றவளின் கை தானாகச் சாக்பீஸை எடுத்துவிட்டது. 'ஓடை' என்று எழுதி, "ஜூனி, இதை வாசி" என்றாள். ஜூனி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "நேத்து மழையில எவ்வளவு ஏறியிருக்கும்?" என்றாள் மார்லா. கைகள் உயர்ந்தன. பெரிய பிள்ளைகள் இருவர் ஓடிப்போய்க் கம்பை விட்டு அளந்துகொண்டு ஓடிவந்தார்கள். போன வாரம் மார்லா அளந்து வைத்திருந்ததைவிட எவ்வளவு அதிகம் என்று மொத்த வகுப்பும் சத்தம் போட்டுக் கழித்தது. ஓப்பல் கதவோரம் நின்று பார்த்தாள். ஒரு பிள்ளைக்கும் முகம் வெளுக்கவில்லை. அவள் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை.

கெண்ட்ரா பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக, "ரொம்ப நல்ல பள்ளி" என்றாள்.

"அப்ப அப்படியே எழுதேன்ம்மா" என்றாள் ஓப்பல்.

"இன்னிக்கு நான் மூடற படிவம்தான் கொண்டு வந்திருக்கேன்" என்றாள் கெண்ட்ரா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது, ஆனால் பேனா மூடி கழன்றிருந்தது.

வென்டல் நாற்காலியில் ஏறி பேட்டரியைக் கழற்றினார். ஒன்பது பத்துக்கு ஸ்லேட் ஃபோர்க் பள்ளி மூடப்பட்டது.

மூடிய சார்ட்டர் பள்ளியின் உடைமைகள் மாவட்டத்துக்குச் சேர வேண்டும் என்பது சட்டம். கெண்ட்ரா நாற்பது உருப்படியிலும் எண் ஒட்டினாள். வாளியைத் தேடிப் பேருந்துக்கே போய் அதற்கும் ஒட்டினாள். "இது பஸ்ஸுக்கு வேணுமே" என்றாள் ஓப்பல். "பட்டியல்ல உங்க கையாலதான் மேடம் எழுதியிருக்கீங்க" என்றாள் கெண்ட்ரா.

உடைமைகளை ஏற்றிவர மாவட்டத்திடம் லாரி இல்லை. ஸ்லேட் ஃபோர்க்கிலிருந்து தினமும் மார்லோவுக்கு வரும் மாவட்ட வாகனம் ஒன்றுதான். ஆகவே திங்கட்கிழமை காலை ஓப்பலின் பேருந்தில் பின்பக்கம் இருபத்து மூன்று நாற்காலிகள், முன்பக்கம் இருக்கைக்கு மூன்று பேராக இருபத்து மூன்று பிள்ளைகள். மார்லோ வரை பிள்ளைகள் தங்கள் பெயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

ஏழாவது வளைவு வந்தது. ஓப்பல் பிரேக்கை மெதுவாக அழுத்தினாள்.

"வாளியில எண் ஒட்டியிருக்கே" என்றாள் ஜூனி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. "எடுக்கலாமா?"

"எடு கண்ணு. அது உன்னோடது."

மார்லோவில் மாவட்ட அலுவலக வாசலில் நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆணைய வரலாற்றிலேயே முழுமையாக நிறைவேறிய முதல் திட்டம் என்பதால் முனைவர் விட்லோவே தலைநகரிலிருந்து வந்திருந்தார். புகைப்படக்காரர் தயாராக நின்றார். அடையாளமாக ஏதாவது ஒரு உருப்படியைத் தலைவர் தன் கையாலேயே பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. பூகோள உருண்டையைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

ஓப்பல் வாளியோடு இறங்கி வந்தாள். சிந்தாமல், இரண்டு கையாலும் ஏந்தி.

"நாப்பது" என்றாள்.

விட்லோ கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கனமாக இருக்கவே குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன இது?"

"எழுபத்தஞ்சு நிமிஷம் சார்" என்றாள் ஓப்பல். "உங்க மேசைக்கு எதுவும் வரலன்னீங்களே."

விட்லோ வாளியைக் கீழே வைக்க இடம் தேடினார். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் சிவப்புக் கம்பளம், அந்தப் பக்கம் கேமரா. யாரும் கை நீட்டவில்லை. கெண்ட்ரா பட்டியலை எடுத்து, நாற்பதாவது வரிக்கு நேரே 'பெறப்பட்டது' என்று குறித்தாள். 'நிலை' என்ற கட்டத்தில் சற்று யோசித்துவிட்டு, 'தினமும் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைத் தலைவரிடம் நீட்டினாள்.